பால், பல், கதை, பாய்



பள்ளி திறந்தாயிற்று. மே மாதம் முழுக்க மொட்டை மாடியில் பதினொரு மணிவரை ஆட்டம் போட்ட பிள்ளைகளை இப்போது நேரத்தோடு படுக்கவைத்தாக வேண்டும். எந்த நர்சரிப் பள்ளி வாசலில் நின்றாலும், அம்மாவின் தோளில் முகம் புதைத்து அரைத்தூக்கத்தில் வந்து இறங்கும் எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்களே வாயைத் திறந்து பாடும்போது இன்னொன்றும் கண்ணில் படும். சிலருக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பேறி, ஓரம் உடைந்து, வெறும் முளையாக மிஞ்சியிருக்கும்.

"ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறான் டாக்டர்" என்று குழந்தை மருத்துவரிடம் போகிறோம். "பல்லெல்லாம் சொத்தையாயிடுச்சு" என்று பல் மருத்துவரிடம் போகிறோம். இரண்டும் தனித்தனிக் கவலை என்றே நினைக்கிறோம். எனக்கு என்னவோ பல வீடுகளில் இரண்டும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன என்று படுகிறது: ராத்திரிச் சாப்பாடு முடிந்து பிள்ளை கண் மூடும்வரை உள்ள அரைமணி நேரத்தில். அந்த அரைமணியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும்.

நம் ஊரில் பல் தேய்ப்பது காலைக் காரியம். பல் தேய்க்காமல் காபி கிடையாது. பல் தேய்க்காத பிள்ளையை அடுப்படிப் பக்கமே விடாத பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். வேப்பங்குச்சி ஒடித்த காலத்திலிருந்து வரும் ஒழுங்கு அது, நல்ல ஒழுங்குதான். ஆனால் பாற்பல்லுக்கு ஆபத்து வருவது ராத்திரியில்.

பகலில் பல்லுக்குக் காவல் எச்சில். நாம் தின்னும் மாவையும் சர்க்கரையும் பல்மேல் படிந்திருக்கும் வழவழப்பான படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அவற்றில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940களில் இதை அளந்தே காட்டினார். சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களில் அந்தப் படலத்தின் பி.எச். அளவு மளமளவென்று இறங்குகிறது. அது 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் வந்து கழுவி, சமன்செய்து, பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி முதல் ஒரு மணிவரை ஆகும். பகலில் இந்தக் கணக்கு எப்படியோ நேராகிவிடுகிறது. தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுவதால், வாயில் தங்கிய இனிப்பைக் கழுவ ஆளில்லை. அதோடு பாற்பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறக்குறையப் பாதிக் கனம்தான். பெரியவருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் சேதம் பிள்ளைக்குச் சில மாதங்களில் ஆகிவிடுவது இதனால்தான்.

பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கிப் பழகிய பிள்ளையைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனால், வாயைத் திறந்து பார்த்ததுமே "ராத்திரி பாட்டிலா?" என்று கேட்டுவிடுவார். அந்தச் சொத்தைக்கு ஓர் அடையாளம் உண்டு. மேல் முன்பற்கள் நான்கும் அரித்திருக்கும். கீழ் முன்பற்கள் முத்துப்போல் அப்படியே இருக்கும். சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களின்மேல் படிந்து மூடிக்கொள்கிறது. நாக்குக்கு அடியில் சுரக்கும் எச்சிலும் அவற்றை நனைத்துக்கொண்டே இருக்கிறது. மேல்பற்களுக்கு இந்த இரண்டு காப்பும் இல்லை. பால் போய்த் தேங்குவது அங்கேதான். பாலில் சீனியோ சத்துபானப் பொடியோ கலந்திருந்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

"வெறும் பால் எப்படிம்மா இறங்கும்? ஒரு ஸ்பூன் சீனி போட்டுக் குடு" என்று மருமகளிடம் சொல்லும் அத்தையை நான் குறை சொல்லமாட்டேன். பேத்தி பசியோடு படுக்கக் கூடாது என்ற தவிப்பு அது. அவரிடம் சண்டை பிடிப்பதைவிட, சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவது எளிது. சில வாரங்களில் பிள்ளையின் நாக்கு பழகிவிடும். ஒரு வயது ஆனதும் புட்டியை விட்டு டம்ளருக்கு மாற்றத் தொடங்கலாம். ஒன்றரை வயதுக்குள் புட்டி முழுதாகப் போய்விடுவது நல்லது. அதுவரை, தூக்கத்துக்குப் புட்டி இல்லாமல் தீராது என்றால் அதில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். சூப்பானில் தேன் தடவிக் கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் பல்லையும் தாண்டிய ஆபத்து.

இங்கே தாய்மார்கள் ஒருவரும் பயந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்லவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இரண்டு வயதுவரையும் அதற்குப் பிறகும் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பல் முளைத்து, சோறும் பிஸ்கட்டும் தின்னத் தொடங்கிய பிள்ளை விடியவிடியப் பால் குடித்துக்கொண்டே தூங்கும்போதுதான், பல்லில் ஒட்டிய மிச்சத்தோடு சேர்ந்து அது சிக்கலாகிறது. படுக்கும் முன் ஒருமுறை பல் சுத்தமாகிவிட்டால் பாதி பாரம் குறைந்துவிடும். ராத்திரி கொடுக்கும் இருமல் மருந்தையும் மறந்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கான சிரப் பலவற்றிலும் சர்க்கரைதான் இருக்கிறது. மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பல் தேய்க்கலாம்.

"விழப்போற பல்லுதானே" என்ற பேச்சை நானும் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. பாற்பற்கள் இருபது. ஆறு மாத வாக்கில் கீழே இரண்டு எட்டிப்பார்க்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுவது உண்மைதான். கடைவாய்ப் பாற்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை நின்று உழைக்க வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையான கடைவாய்ப் பல்லோடு ஒரு பிள்ளை இன்னும் ஏழெட்டு வருஷம் சாப்பிட வேண்டும்! வேரில் சீழ் பிடித்தால் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் கெடலாம். முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் சரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அடுத்து வரும் பல் கோணலாக முளைக்கும். "பால் பல்லுக்குப் போய் ரூட் கேனலா, ஸ்டீல் தொப்பியா, காசு பிடுங்குறாங்க" என்று சிலர் கொதிப்பதுண்டு. எல்லாச் சமயத்திலும் அந்தக் கோபம் நியாயமில்லை. அந்த இடத்தைக் காப்பாற்றிவைக்கத்தான் பல நேரம் அதைச் செய்கிறார்கள்.

வலியைப் பற்றியும் சொல்லவேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு "கடைவாய்ப் பல்லில் விண்ணென்று வலிக்கிறது" என்று சொல்லத் தெரியாது. ஒரு பக்கமாகவே மெல்லும். தோசையை விட்டுவிட்டுக் கஞ்சி கேட்கும். ராத்திரி எழுந்து காரணமில்லாமல் அழும். கனவு கண்டிருக்கும், கண்ணேறு பட்டிருக்கும் என்று உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறோம். காலையில் டார்ச் அடித்து ஒருமுறை வாய்க்குள்ளும் பார்த்துவிடுங்கள்.

பல்லுக்கென்று நம்மிடம் அழகான சடங்குகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு முதல் பல் தெரிந்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டிக் கொண்டாடுகிறார்கள். கொழுக்கட்டையின் ஓரத்தில் தேங்காய்ச் சொட்டுகள் பல்வரிசையாகக் குத்தியிருக்கும். நம் பக்கத்தில் விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்துவிட்டு, புதுப்பல் எப்போது வரும் என்று பிள்ளை நாள் பார்த்துக்கொண்டிருக்கும். வருவதற்கும் போவதற்கும் இத்தனை ஆசையாகச் சடங்கு வைத்தவர்கள் நாம். நடுவில் உள்ள ஆறேழு வருஷத்து ராத்திரிகளுக்கும் சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்றுதான் கேட்கிறேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பல் தேய்ப்பது, புத்தகம், படுக்கை என்று மூன்று சொல்லில் பெற்றோருக்குச் சொல்லித்தருகிறது. நம் வீட்டுக்கு நான்காக வைத்துக்கொள்ளலாம்: பால், பல், கதை, பாய். வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான். பால் எப்போதும் பல்லுக்கு முன்னால். பல் தேய்த்தபிறகு தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. முதல் சில நாள் அழுகை இருக்கும். கதை அதற்குப் பிறகுதான் வரும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளையே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும்.

வரிசை ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. ஜோடி மிண்டல் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மார் 405 பேர் கலந்துகொண்டார்கள். குளிப்பாட்டுவது, உடம்பை இதமாக நீவிவிடுவது, பாட்டோ அரவணைப்போ, பிறகு விளக்கணைப்பது என்று இரவுதோறும் ஒரே வரிசையைச் சிலர் இரண்டு வாரம் கடைப்பிடித்தார்கள். குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள். நடுவில் எழுவது குறைந்தது. எனக்குப் பிடித்தது அடுத்த செய்தி: அம்மாக்களின் மனநிலையும் தெளிவடைந்திருந்தது. அடுத்து என்ன என்று தெரிந்த பிள்ளை அடம்பிடிக்கக் காரணம் குறைவு. அடம் குறைந்த வீட்டில் அம்மாவுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஆறரைக்கு எழவேண்டிய பிள்ளை எட்டரைக்குப் படுத்தால்தான் பத்து மணி நேரமாவது கிடைக்கும். படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து எட்டரைக்கு வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் அம்மா என்ன செய்வார்? அவர் முகத்தைப் பார்க்கத்தானே பிள்ளை அதுவரை விழித்திருக்கிறது? ஒரே அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருக்க, தாத்தா செய்தி பார்க்க, அக்கா வீட்டுப்பாடம் எழுத, அதே அறையில்தான் பாய் விரிக்க வேண்டியிருக்கிறது. தனி அறை, தனிக் கட்டில், மங்கலான நீல விளக்கு என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் போடும் படத்தைப் பார்த்து நாம் ஏங்க வேண்டியதில்லை. தூளியும் தாலாட்டும் நிலாச்சோறும் பாட்டி கதையும் இருந்த வீடுகளில் வரிசை இருந்தது. அதை எடுத்துக்கொண்டது கைபேசி. பிள்ளை தூங்க வேண்டுமென்று நாமே கையில் கொடுக்கும் அந்த வெளிச்சம்தான் அதன் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது.

நேரம் அரைமணி முன்பின் ஆனாலும் வரிசை அப்படியே இருக்கட்டும். அம்மா வர ஒன்பது ஆகுமென்றால், பாலையும் பல்லையும் அப்பாவோ அம்மாச்சியோ முடித்துவைக்கட்டும். கதையும் பாயும் அம்மாவுக்கு. டி.வி.யை அந்த இருபது நிமிடம் மட்டும் அணைக்க வீட்டில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். சீரியல் பார்க்கும் பெரியவர்களிடம் இதை உரிமையோடு கேட்கலாம். பேரப்பிள்ளைக்காக என்றால் கேட்பார்கள்.

பல வீடுகளில் ராத்திரி வாய் சுத்தம் செய்கிற ஒரே ஆள் தாத்தாதான். பல்செட்டைக் கழற்றி, கழுவி, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவைப்பார். பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பது பெரிய அதிசயம். தாத்தா பல்செட்டைக் கழுவும் நேரத்திலேயே பேரனுக்கும் பிரஷ்ஷைக் கொடுத்துப் பாருங்கள். குழந்தைகள் நாம் சொல்வதைவிடச் செய்வதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் ராத்திரி பல் தேய்க்காத வீட்டில் பிள்ளை மட்டும் தேய்க்கும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்.

தேய்த்துவிடும் முறையில் ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது. எதிரே நின்று தேய்த்தால் பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, மேலிருந்து பாருங்கள். கடைவாய்வரை தெரியும், கையும் நிற்கும். பாட்டிகள் மடியில் போட்டு எண்ணெய் தேய்த்த அதே நிலை. முதலில் பிள்ளையே தேய்க்கட்டும், பிறகு நீங்கள் ஒருமுறை. ஏழு, எட்டு வயதுவரை பெரியவர் கை பட்டே ஆகவேண்டும், விரல்களுக்கு அந்த வசம் அதற்கு முன் வராது. பல் முளைக்காத குழந்தைக்கு ஈரத் துணியால் ஈறைத் துடைத்துவிட்டாலே போதும். வாயில் நம் விரல் படுவது பழகிவிடும்.

பேஸ்ட்டைப் பொறுத்தவரை விளம்பரத்தில் அலைபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்கிக் காட்டுவதை மறந்துவிடுங்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு. மூன்றிலிருந்து ஆறுவரை ஒரு பட்டாணி அளவு. அட்டையின் பின்பக்கம் ஃபுளோரைடு எத்தனை பி.பி.எம். என்று போட்டிருக்கும், 1000 அளவில் இருப்பது பாற்பல்லுக்கு ஏற்றது. குழந்தைகள் பேஸ்ட் என்று படம்போட்டு விற்கும் சிலவற்றில் ஃபுளோரைடே இருப்பதில்லை. தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும்.

அளவில் ஏன் இவ்வளவு கறார் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து தலைமுறைகளாகப் பல்லில் காவி ஏறிய ஊர்கள் அவை. பல் தேய்க்காத பிள்ளை என்று வெளியூரில் யாரோ சொல்லிவிடுவார்களோ என்று சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டவர்கள் அங்கே எத்தனையோ பேர். எனாமல் உருவாகும் முதல் எட்டு வயதுக்குள் ஃபுளோரைடு அதிகமாக உள்ளே போனதன் தழும்பு அது, தேய்த்தால் போகாது. ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013-ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அந்த ஊர்களுக்குக் கொண்டுபோனது இதற்காகத்தான். இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கும் வீடுகள், சிறுபிள்ளைகளுக்கு எந்த பேஸ்ட் என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மாதம் ஒருமுறை பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் தொடக்கம். அந்தக் கட்டத்தில் பல் மருத்துவர் ஃபுளோரைடு பூச்சு போட்டு, நாமும் ராத்திரிப் பழக்கத்தைத் திருத்திக்கொண்டால் பல் திரும்பவும் கெட்டிப்படும். பழுப்பாகிக் குழி விழுந்தால் திரும்பாது. அப்போதும் குடைந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தொட்டுவைத்தே சொத்தையை நிறுத்தலாம். அந்த இடம் கறுத்துப்போகும், வலி இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதையும் ஃபுளோரைடு பேஸ்ட்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்துப் பூச்சி எடுப்பவரிடம் பிள்ளையைக் கொண்டுபோய் நாட்களைக் கழித்துவிடாதீர்கள்.

முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்பது குழந்தைப் பல் மருத்துவர்களின் கருத்து. வலியில்லாமல் போகும் முதல் தடவை, பயமில்லாமலும் போகும். காசைப் பற்றி யோசிப்பவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகள் இருக்கின்றன. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலேயே குழந்தைகளுக்குத் தனித் துறை உண்டு. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வரும் மத்திய அரசின் சிறார் நலத்திட்டக் குழு பல்லையும் சேர்த்தே பார்க்கும். அவர்கள் வரும் நாளில் பிள்ளையை விடுப்பு எடுக்கவிடாதீர்கள்.

ஆறு வயதுப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, பெரிதாக ஒரு கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கும். அதுவும் பால் பல்தான் என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். அது அறுபது வயதுவரை வேண்டிய முதல் நிரந்தரப் பல். இன்றிரவு பிரஷ் அங்கேயும் போகட்டும்.

இரவுப் பணிக்குப் போகும் பெற்றோர், பேரப்பிள்ளையைத் தனியாக வளர்க்கும் தாத்தா பாட்டிகள், ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீட்டுக்காரர்கள் ஆகியோரின் கடிதங்களை இந்த முறை குறிப்பாக எதிர்பார்க்கிறேன். எட்டு மணிக்கு அப்பா அம்மா இருவரும் வீட்டில் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் பெரும்பாலான ஆலோசனைகள் எழுதப்படுகின்றன. உங்கள் வீட்டில் பாலையும் பல்லையும் கதையையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள், பிள்ளை வாய் திறக்க என்ன பாட்டுப் பாடுகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்